எல்லார்க்கும் உரிய மணல்

சாந்தோம் பேராலயத்தில் ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்தபின் நம்மில் பலர் நேரே வீடு திரும்புவதில்லை. பிள்ளைகளின் கைபற்றி வடக்கே நடந்து, கலங்கரை விளக்கத்தைக் கடந்து, மெரினாவின் மணலில் இறங்குகிறோம். அங்கே நமக்கு முன்னரே வந்து அமர்ந்திருப்போர் யார்? திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த குடும்பத்தார் ஒருபுறம். பெரிய பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களிலிருந்து வந்த பெற்றோரும் பிள்ளைகளும் மற்றொருபுறம். கட்டட வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் முதன்முறையாகக் கடலைக் கண்டு வியந்து நிற்கின்றனர். சுண்டல் விற்பவர் எல்லாரையும் கடந்து போகிறார். சற்றுத் தள்ளி, படகின் நிழலில் அமர்ந்து மீனவர் ஒருவர் வலையைச் செப்பனிடுகிறார். எவரும் எவரையும் அழைக்கவில்லை. எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இந்தக் காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதாலேயே அது எவ்வாறு உருவாயிற்று என்றும், எவருடைய இழப்பின்மேல் நிலைபெற்றது என்றும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கட்டுரையில் அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

இரு பாக்கங்களின் இடையே

பல திறத்து மக்கள் வாழும் நகருக்குப் பொதுவெளி தேவை என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள் இருந்தன. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் பரதவரும் கைவினைஞரும் யவனரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தனர். பகலில் கூடும் நாளங்காடியை இளங்கோவடிகள் இவ்விரு பாக்கங்களுக்கும் இடைப்பட்ட மரச்சோலையிலேயே அமைத்துக் காட்டுகிறார். அது முழுமையும் இவருக்கும் உரியதன்று, அவருக்கும் உரியதன்று. வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் அங்கே ஒருவரையொருவர் பார்த்தனர்.

ஏதென்சு நகரில் புனித பவுல் தொழுகைக்கூடத்தில் மட்டும் பேசவில்லை. நாள்தோறும் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடும் உரையாடினார் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் கூலிக்குக் காத்து நின்றதும் சந்தைவெளியில்தான். ஆண்டவர் தம் முதற் சீடரை அழைத்ததோ கடற்கரையில், அவர்கள் தொழில் செய்துகொண்டிருந்த இடத்தில்.

நம் மயிலைக் கடற்கரைக்கும் இத்தகைய பழைமை உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்துப் பயணி மார்கோ போலோ, புனித தோமையாரின் கல்லறையைத் தேடிக் கிறித்தவர் மட்டுமன்றி இசுலாமியரும் வந்தனர் என்று குறித்துள்ளார். போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. பகிர்ந்துகொள்ளப்பட்ட மண் என்பது இக்கரையின் பழைய பண்பு.

துறைமுகம் ஈன்ற கடற்கரை

ஆயினும் இன்று நாம் காணும் அகன்ற மணற்பரப்பு அவ்வளவு பழையதன்று. கடல் முன்பு கரைச்சாலைக்கு மிக அருகிலேயே இருந்தது. 1875ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. வங்கக் கடலின் இக்கரையோரமாக ஆண்டுதோறும் அலைகள் பெருமளவு மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. துறைமுகச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தென்புறத்தில் படிந்து படிந்து மெரினாவாக விரிந்தது.

1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அக்கரையை ஒட்டி நடைபாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக 'மெரினா' எனப் பெயர் சூட்டினார். வெள்ளை அதிகாரிகளும் செல்வர்களும் மாலைக் காற்று வாங்க எழுந்தது அது. ஆனால் வெட்டவெளிக்கு வாயிற்கதவு இடுவது எளிதன்று. திருவல்லிக்கேணியின் நெருக்கமான தெருக்களிலிருந்து எல்லாரும் அங்கே நடந்து வந்தனர்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தெற்கே படிந்த மணல், வடக்கே சென்றிருக்க வேண்டிய மணல். அது வராமற் போனதால் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் ஆகிய ஊர்களின் கரையைக் கடல் அரித்தது. இராயப்பரின் பெயரால் இராயபுரம் பெயர்பெற்றது என்பர். மீனவரான அத்திருத்தூதரின் பெயர் தாங்கிய ஊரில் இன்று மீனவர் படகை இழுத்து நிறுத்த மணல் அரிது. பாறைக் கற்களால் ஆன தடுப்பே கரையாக நிற்கிறது. நாம் மாலையில் கால் நீட்டி அமரும் மணலில் ஒரு பங்கு, நம் வடசென்னைச் சகோதரர்கள் இழந்த முற்றம்.

மணலே மன்றமாக

20ஆம் நூற்றாண்டில் இம்மணல் ஒரு மன்றமாயிற்று. 1907ஆம் ஆண்டு விபின் சந்திர பாலர் இங்கு ஆற்றிய உரைகளைக் கேட்கத் திரள் கூடியது. 1920 ஆகத்து 12ஆம் நாள், மாநிலக் கல்லூரிக்கு எதிரே உள்ள கடற்கரையில் காந்தியடிகள் ஒத்துழையாமை குறித்துப் பேசினார். கிலாபத் இயக்கத்துத் தலைவர் சௌக்கத் அலி அப்பயணத்தில் அவருடன் இருந்தார். இந்துக்களும் இசுலாமியரும் தோளோடு தோள் அமர்ந்து கேட்ட கூட்டம் அது.

1923 மே முதல் நாள், இந்தியாவில் முதன்முதலாக மே நாளைக் கொண்டாடியவர் மீனவக் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர். ஒரு கூட்டம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் நடந்தன. 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இன்றும் அக்கரையில் உழைப்பின் மாண்பைப் பேசி நிற்கிறது. 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்த பெருங்கூட்டமும் இங்கேயே கூடியது.

ஒன்றை நாம் இங்குக் கருத வேண்டும். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அதற்கு முன் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல கோயில்கள் அடைபட்டிருந்தன. பல ஊர்களில் தெருவும் குளமும்கூட மறுக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் திறந்த மணலில் கூடிய கூட்டத்தில் இன்னாருக்கு இன்ன இடம் என்று கோடு கிழிக்க இயலவில்லை. மணலில் அமர்ந்ததால் சாதி மறைந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. எழுந்து வீடு சென்றபோது அது தெருமுனையில் காத்திருந்தது. ஆயினும் சேர்ந்தமரக் கூடும் என்பதை உடம்பு ஒருமுறை அறிந்துகொண்டது. அந்த அறிவு சிறிதன்று.

1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரைச் சாலையில் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதியார் வரிசையில் நம் வீரமாமுனிவரும், கால்டுவெல், போப்பு ஆகிய சீர்திருத்தச் சபையினரும் இடம் பெற்றனர். அதில் நமக்குப் பெருமை உண்டு. எனினும் மக்களை ஒன்றுசேர்ப்பவை சிலைகள் அல்ல. அவற்றின் நிழலில் கூடும் அன்றாடத் தேவைகளே.

ஆழிப்பேரலையும் அடைக்கலமும்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை மெரினாவில் ஏறியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர், விளையாட வந்த பிள்ளைகள், மீன்பிடிக் குப்பத்து மக்கள் என எவரையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. தமிழகக் கடலோரம் எங்கும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் பள்ளிகளும் சமயம் கேளாமல் திறந்தன. மிகுந்த இழப்பு நேர்ந்த ஊர்களில் இறந்தோரைப் பெயரும் சமயமும் அறியாமல் ஒரே குழியில் அடக்கம் செய்ய நேர்ந்தது.

2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக இளைஞர்கள் நாட்கணக்கில் மெரினாவில் கூடியிருந்தனர். 23ஆம் நாள் காவலர் அவர்களைக் கலைத்தபோது, பலர் ஓடிப் புகுந்த இடம் நடுக்குப்பம். முன்பின் அறியாத அப்பிள்ளைகளை மீனவக் குடும்பங்கள் தம் வீடுகளில் ஏற்றன, தண்ணீர் கொடுத்தன. அதே நாளில் அக்குப்பத்தின் மீன் அங்காடி எரிந்துபோனது. அடைக்கலம் தந்தவர்களே மறுநாள் கரிந்த கூரைகளின் முன் நின்றனர். நகரத்து இளைஞர்க்குக் கடற்கரை ஒரு வாரத்து மன்றம். மீனவர்க்கோ அது தலைமுறைகளின் வீடு. வீட்டார் விருந்தினர்க்குக் கதவு திறந்தனர் என்றே இந்நிகழ்ச்சியை நாம் படிக்க வேண்டும்.

அழகின் பெயரால்

அந்த வீட்டாரை வீட்டைவிட்டு அகற்றும் முயற்சிகள் புதியவை அல்ல. 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காக மீனவரின் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. எழுந்த மோதலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. 2023 ஏப்பிரலில், மெரினா இணைப்புச் சாலையில் போக்குவரத்துக்கு இடையூறாக இருக்கின்றன என மீன் கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் அச்சாலையிலேயே இறங்கிப் போராடினர். தாங்கள் சாலைக்கு வரவில்லை, சாலையே தங்கள் மணலுக்குள் வந்தது என்பது அவர்கள் வாதம். 2024இல் நொச்சிக்குப்பத்தருகே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. போராட்டக் கூட்டங்களுக்கு மெரினாவில் இடமில்லை என்னும் அரசின் நிலையை 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தூய்மையும் ஒழுங்கும் வேண்டாம் என்பார் யாருமிலர். நல்ல மாற்றங்களையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருப்போர் அலையருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டசு புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் சீர்செய்தனர். வாழ்நாளெல்லாம் தொலைவிலிருந்தே கடலைப் பார்த்தவர் முதன்முறையாக நீரில் கால் நனைத்தது, பொதுவெளி இன்னும் சற்றுப் பொதுவானதன் அடையாளம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே நம் கருத்து. ஓர் ஏற்பாடு புதிதாக ஒருவரை உள்ளே கொணர்கிறது. மற்றொன்று ஏற்கெனவே இருப்பவரை வெளியே தள்ளுகிறது. மீன் மணம் இல்லாத, வலை உலராத, பார்க்க மட்டுமே உரிய கடற்கரை அழகாக இருக்கலாம். ஆனால் அங்கே ஒரே வகை மக்கள் மட்டுமே வருவர். காலையில் மீன் வாங்க வந்த இல்லத்தரசியும் விற்ற மூதாட்டியும் விலை பேசும்போது பிறக்கும் உறவு, நுழைவுச்சீட்டு வாங்கும் பூங்காவில் பிறப்பதில்லை. பல தொழிலும் பல தேவையும் ஓரிடத்தில் கலந்தால்தான் பல வகை மக்களும் கலப்பர்.

நம் முற்றங்கள்

மண்ணுலகின் பொருள்கள் எல்லா மனிதர்க்கும் உரியவை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், நகரங்களின் பொது இடங்களைக் காப்பது மக்களுக்குத் தாங்கள் அங்கே உரிமையுள்ளவர்கள் என்னும் உணர்வைக் காப்பதாகும் என விளக்கினார். ஆகவே கடற்கரையைப் பற்றிய பேச்சு நம் நம்பிக்கைக்கு வெளியே உள்ள பேச்சு அன்று.

இப்பேச்சு இறுதியில் நம் வாயிலுக்கே வந்து சேர்கிறது. நம் ஆலய வளாகங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் பந்தாடினர். வெயிலில் வந்த பூக்காரப் பெண் மரநிழலில் கூடையை இறக்கி வைத்தார். பிற சமயத்தார் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சென்றனர். அவற்றுள் சில இன்று உயர்ந்த மதிலும் பூட்டிய வாயிலும் வாகன நிறுத்தமுமாக மாறிவிட்டன. பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறோம். அக்காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் கடற்கரையில் மீனவரை அகற்றியோரும் காரணம் சொல்லியே அகற்றினர். இன்னும் வேதனை தருவது, நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் பெயரால் எழுந்த சுவர். கடல் கொண்டுபோனவர்களை ஒரே குழியில் ஒப்படைத்த நாம், அமைதியாக இறந்தவர்களைச் சுவர் வைத்துப் பிரிப்பது எந்த நற்செய்தியின்படி?

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து மெரினாவுக்குச் செல்லும்போது, முதலில் நொச்சிக்குப்பத்து அங்காடியில் நின்று அம்மீனவப் பெண்களிடம் மீன் வாங்குவோம். அவர்கள் பெயரைக் கேட்டறிவோம். திரும்பி வந்து நம் பங்கின் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்புவோம்: நம் ஆலய முற்றத்தின் வாயில் மாலையில் எத்தனை மணி நேரம், யாருக்காகத் திறந்திருக்கிறது? விடை சொல்லத் தயங்குவோமாயின், நம் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.