வானிலை சொல்லாத வானொலி

மழை வருமான்னு கேட்கத்தானே ரேடியோவைத் திருப்புறோம்? அதைச் சொல்லவே கூடாதென்று அமெரிக்காவில் ஒரு தடை இருந்தது.

1941 டிசம்பரில் அந்த நாடு போரில் இறங்கியது. மறுமாதமே தணிக்கை அலுவலகம் ரேடியோ நிலையங்களுக்கு விதிகள் கொடுத்தது. வானிலை கூடாது, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அது கேட்குமே! நேயர் விருப்பப் பாட்டைக் கேட்ட நேரத்தில் போடக்கூடாது. அதில் ஒற்றர் சேதி இருக்கலாமாம். நிலையத்தார் தாமாகவே கடைப்பிடிக்க வேண்டிய விதிதான். ஆனால் லைசென்ஸ் அரசாங்கத்தின் கையில் இருக்க, யார் மீறுவார்?

1943 ஜூலை 27-ல் டெக்ஸாஸ் கரையைப் புயல் தாக்கியது. கடலில் கப்பல்கள் ரேடியோவை மூடி வைத்திருந்ததால் அதன் பலம் கரைக்குத் தெரியவில்லை. எச்சரிக்கையோ நியூ ஆர்லியன்ஸ் அலுவலகம் அனுமதித்த பிறகே வரணும், தாமதமாயிற்று. 19 பேர் மாண்டார்கள். அந்த அக்டோபரில்தான் வானிலை ரேடியோவுக்குத் திரும்பியது.