மேலூர்ச் சீமையின் கணக்கும் கணக்கரும்

நிர்வாகம் என்றவுடன் கோட்டையும் செயலகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குடியானவனுக்கு அரசாங்கம் என்பது கர்ணம் கையிலிருந்த அடங்கல் புத்தகமே. மதுரைக்குக் கிழக்கே அழகர் மலைச் சாரலையொட்டிய மேலூர்ச் சீமையில் அப்புத்தகத்தை எவர் எழுதினர், அதில் நம்மவர் எங்கே இருந்தனர் என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் மதுரைச் சீமை முழுவதும் கும்பினியாரின் ஆட்சிக்குட்பட்டது. அன்றைய மதுரை ஜில்லா மிகப் பெரியது. 1910இல் இராமநாதபுரமும், 1985இல் திண்டுக்கல்லும், 1990களில் தேனியும் பிரிந்தன. எஞ்சிய மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 30,38,252 மக்கள் வாழ்ந்தனர். நூற்றுக்கு 13 பேருக்கு மேல் அட்டவணை வகுப்பினர். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை.

மக்கள்தொகைக் கணக்கு வெறும் எண்ணன்று. எப்பெயரால் எண்ணப்படுகிறோம் என்பதும் அதில் அடங்கும். இழிவுப் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என எழுத வேண்டுமென்று எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் போராடி, 1922இல் அரசாணை பெற்றார். எனினும் ஆணை கிராமச் சாவடியை எட்டுவதற்கும், அது பேச்சு வழக்கில் படிவதற்கும் இடையே நெடுங்காலம் ஆயிற்று.

கிராமத்தில் இருவர் ஆட்சியே நடந்தது. வரி வசூலித்தவர் மணியக்காரர் என்னும் கிராம முன்சீப். நிலக்கணக்கு எழுதியவர் கர்ணம். இரண்டும் பரம்பரையாகச் சில குடும்பங்களிலேயே தங்கின. தலையாரி, வெட்டி, நீர்பாய்ச்சி முதலிய ஊழியங்களுக்கும் பரம்பரை உண்டு; அவற்றுள் பல நம்மவர் தலையில் விழுந்தன. தண்டோரா போடுவதும், சாவுச் செய்தி சொல்லப் பல காதம் நடப்பதும், அதிகாரி வந்தால் கூடாரம் சுமப்பதும் அவ்வூழியத்தில் அடங்கும். 1895இல் பெரியாற்று நீர் மதுரைச் சமவெளியை அடைந்தபின் நன்செய் பெருகிற்று. மடை திறந்து வயலுக்கு நீர் விட்டவர்களில் நம்மவர் பலர். ஆயினும் பாய்ந்த நிலத்தின் பட்டாவில் அவர்கள் பெயர் அரிதாகவே காணப்பட்டது. குத்தகைக்கு உழுதவன் பெயரை அடங்கலில் ஏற்றுவதும் ஏற்றாமல் விடுவதும் கணக்கரின் பேனா முனையைப் பொறுத்திருந்தது.

பிறப்பு இறப்புக் கணக்கும் முன்சீப்பிடமே இருந்தது. சேரியில் பிறந்த குழந்தைகள் பலருக்கு அதில் இடமில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலையைச் சுற்றிக் கைநீட்டி மறுகாதைத் தொடச் சொல்லி வயதை மதிப்பிட்டனர் ஆசிரியர். நம் தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தோர் இத்தனை பேர் இருப்பதன் இரகசியம் இதுவே!

இச்சீமையின் தும்பைப்பட்டியில் பிறந்தவர் கக்கன். 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தோரில் அவரும் ஒருவர். 1957 முதல் 1967 வரை அமைச்சராயிருந்து பொதுப்பணி, உள்துறை முதலியவற்றை நிர்வகித்தார். மாநிலத்தின் காவல் துறையை நம்மவர் ஒருவர் நடத்திய அக்காலத்திலும் கிராமக் கணக்கு பரம்பரையார் கையிலேயே இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. பின்னர்த் தேர்வெழுதியவர்கள் கிராம நிர்வாக அலுவலராயினர். அவர்களில் நம் பிள்ளைகளும் உளர். சாவடிக்கு வெளியே நின்றவனின் பேரன் உள்ளே அமர்ந்து சிட்டா எழுதியது சிறு செய்தியன்று.

பேனா கைமாறியது போல எளிதாக நாற்காலி கைமாறவில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தலைவர் பதவிகளிலும் இட ஒதுக்கீடு தந்தது. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சி அவ்வாறு ஒதுக்கப்பட்டது. தடைகளுக்கிடையே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் உடன் வந்த தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பதவியை ஏற்றதே அவர் செய்த குற்றம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலோ தேர்தலே முறையாக நடைபெறவில்லை. வென்றவரும் உடனே விலகினர். பத்தாண்டுகளுக்குப் பின், 2006 அக்டோபரில்தான், மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகச் சென்று பேசியதன் பயனாக அங்கே தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தனர்.

இளைஞர்கள் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்திக்குச் செல்க. அங்கே தத்தம் கிராமத்து 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் கேட்டுப் பார்க்கலாம். பிழையிருப்பின் மனுக் கொடுக்கலாம்.