அல்மேர் நகரத்துக் கண்ணாடி வீடு

கடலை ஒதுக்கி மீட்ட நிலத்தின்மேல் நெதர்லாந்து மக்கள் எழுப்பிய புது நகரங்களில் அல்மேர் ஒன்று. முதல் குடும்பங்கள் அங்கே குடியேறியதே 1976-இல்தான் என்பதால், சரித்திரம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊருக்கு அதிகமில்லை. ஆயினும், 1999 செப்டம்பர் 16-ஆம் தேதி, இதற்கென்றே அமைத்த ஒரு வீட்டில் ஒன்பது சாமானிய மனிதர்கள் உண்பதையும் உறங்குவதையும் சண்டையிடுவதையும் சமாதானமாவதையும் வெரோனிகா என்னும் அலைவரிசை காட்டத் தொடங்கியதுமே, தொலைக்காட்சியின் சரித்திரத்தில் அந்த ஊருக்கு ஒரு நிலையான இடம் கிடைத்துவிட்டது. ‘பிக் பிரதர்’ என்ற அந்நிகழ்ச்சியின் சந்ததி பிற்பாடு ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. தமிழர்கள் ‘பிக் பாஸ்’ என்று அறிந்திருப்பதும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

மனிதரின் அந்தரங்க வாழ்வைக் கேமராவின் முன் வைப்பது அல்மேரில் பிறந்த யோசனை அன்று. 1971-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் லவுட் என்னும் குடும்பத்தாரின் வீட்டுக்குள் படப்பிடிப்பாளர்கள் புகுந்து, மாதக்கணக்கில் அவர்களுடனேயே இருந்து, சுமார் 300 மணி நேரம் படம் எடுத்தார்கள். அது பன்னிரண்டு வாரத் தொடராக 1973-இல் ஒளிபரப்பானபோது, மனைவி தம் கணவரை வீட்டை விட்டுப் போகச் சொன்ன தருணத்தை அமெரிக்க தேசமே கண்டது. எங்கள் வாழ்வின் நல்ல பொழுதுகளையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்று அக்குடும்பத்தார் பின்னர் மனம் நொந்து சொன்னார்கள். எனினும், அன்று பார்த்தவர்கள் வெறும் சாட்சிகள். அந்த வீட்டில் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதில் அவர்களுக்கு எவ்விதப் பாத்தியதையும் இருக்கவில்லை.

அந்தப் பாத்தியதையைக் கொடுத்ததுதான் ஜான் டி மோல் என்ற நெதர்லாந்துத் தயாரிப்பாளரும் அவருடைய எண்டமால் நிறுவனமும் செய்த புதுமை. அரிசோனா பாலைவனத்தில், வெளிக்காற்றும் புகாத ஒரு பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்துக்குள் ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேர் 1991 முதல் 1993 வரை இரண்டு வருஷம் அடைபட்டு வாழ்ந்த விஞ்ஞானப் பரிசோதனை அவர்களுடைய சிந்தனையைத் தூண்டிற்று. ‘தங்கக் கூண்டு’ என்றே அந்த யோசனைக்கு முதலில் பெயர் வைத்திருந்தார்கள். பிறகுதான், ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலில், பிரஜைகளை ஓயாமல் கண்காணிக்கும் சர்வாதிகாரிக்கு இட்ட பெயரை எடுத்துக்கொண்டார்கள். அச்சத்தின் அடையாளமாக ஓர் எழுத்தாளர் சிருஷ்டித்த பெயர் ஐம்பதே ஆண்டுகளில் மாலை நேரப் பொழுதுபோக்கின் பெயராயிற்று என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அத்தகைய வீட்டின் அமைப்பைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். அறைகளில் பெரிய பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிகள் பதித்திருக்கும். அவற்றின் பின்னால், வீட்டைச் சுற்றி ஓர் இருண்ட நடைபாதை ஓடும். அதில் கறுப்புத் துணியின் மறைவில், அடிச்சத்தம் கேளாமல், கேமராவை நகர்த்திக்கொண்டு ஆட்கள் நடமாடுவார்கள். வெளிச்சம் உள்ள பக்கத்தில் நிற்பவருக்கு அது முகக்கண்ணாடி, இருட்டில் நிற்பவருக்கு அது ஜன்னல். தலைவாரிக்கொள்ளும் பெண் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முழ தூரத்தில் இன்னொருவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கணைத்த பின்பும் இருளில் காணும் கேமராக்கள் விழித்திருக்கும். இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிய மைக் முணுமுணுப்பையும் விடாது. பத்திரிகை, வானொலி, தொலைபேசி எதுவும் உள்ளே கிடையாது. அல்மேரில் கோழி வளர்த்து, காய்கறி பயிரிட்டு, அளந்து கொடுத்த பணத்துக்குள் சமைத்துச் சாப்பிட்டார்கள். வெளியுலக வேலை இல்லை, செய்தி இல்லை. எஞ்சியிருப்பதெல்லாம் பக்கத்திலிருக்கும் மனிதர்தாம். ஆகவே பேச்சு என்றாலே அவரைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும்.

இதன்மேல்தான் போட்டியை ஏற்றினார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தனியறைக்குச் சென்று, யார் வெளியேற வேண்டும் என்று ரகசியமாகச் சொல்வார்கள். அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் ஒருவரைப் பார்வையாளர்கள் தொலைபேசி வழியாக வெளியேற்றுவார்கள். 106 நாட்களுக்குப் பின், டிசம்பர் 30-ஆம் தேதி, பார்ட் என்ற இளைஞர் இரண்டரை லட்சம் கில்டர் பரிசுடன் வெளியே வந்தார். இத்தகைய நிகழ்ச்சியின் பிறப்பில் தமக்கும் பங்குண்டு என்பதில் பெருமையில்லை என்று அவரே பல வருஷங்களுக்குப் பிறகு சொல்லியிருக்கிறார்.

இம்முறையின் சூட்சுமம் முழுவதும் வெளிப்பட்டது 2000-இல் லண்டனில் அமைத்த வீட்டில்தான். ஒருவரைக் குறிப்பது பற்றி ஒருவரோடொருவர் கலந்து பேசலாகாது என்பது அவ்வீட்டின் விதி. நிக் பேட்மன் என்ற போட்டியாளர், பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மற்றவர்களுக்கு மறைவாகக் காட்டிவந்தார். உள்ளே இருந்தவர்கள் அவரை உற்ற நண்பராக நம்பிக்கொண்டிருந்தபோது, தேசம் முழுவதும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாத்திரங்கள் அறியாததைப் பார்ப்பவர் அறிந்திருக்கும் தெருக்கூத்தின் சுவை அது. ஆனால் இங்கே பாத்திரங்கள் உயிருள்ள மனிதர்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் பார்ப்பவரிடம். உண்மை வெளிப்பட்டு நிக் வெளியேற்றப்பட்டார். அத்தொடரில் வென்ற கிரெய்க் பிலிப்ஸ் பரிசாகக் கிடைத்த 70,000 பவுனை நோயுற்ற தம் தோழியின் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்தக் கண்ணாடியின் வழியே நற்குணமும் தெரியத்தான் செய்தது.

ஆனால் நாம் பார்ப்பது அந்த வீட்டை அன்று. ஒரு நாளின் 24 மணி நேரம் எடிட்டிங் மேஜையில் ஒரு மணி நேரமாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில் ஒருவர் வில்லனாகிறார், ஒருவர் உத்தமராகிறார். 2017 ஜூன் 25-ஆம் தேதி, கமல் ஹாசன் தொகுத்து வழங்க, விஜய் தொலைக்காட்சியில் தமிழ் ‘பிக் பாஸ்’ தொடங்கியபோது, சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்து வீட்டில் ஒரு புதிய சொல்வழக்கும் பிறந்தது. ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று ஒருவர் சாதிக்கும்போது, வார இறுதியில் அந்தப் பதிவை எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டுவதற்குக் ‘குறும்படம்’ என்று பெயர். ‘குறும்படம் போடுங்கள்’ என்று வீடுகளில் அண்ணன் தங்கையர்கூடச் சண்டையில் கேட்கலானார்கள். கண்காணிப்பு சான்றாகி, சான்று தீர்ப்பாகும் இந்த முறையை அந்த ஒரு சொல்லைப் போல் வேறெதுவும் விளக்கியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அத்தீர்ப்பின் பாரம் யார்மேல் விழுகிறது என்பதற்கு ஜேட் குடியின் வாழ்க்கை சாட்சி. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவர் 2002-இல் பிரிட்டிஷ் ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் நுழைந்து, முதலில் பத்திரிகைகளின் ஏளனத்துக்கும் பின்பு பிராபல்யத்துக்கும் ஆளானார். 2007-இல் பிரமுகர்களுக்கான தொடரில் நடிகை ஷில்பா ஷெட்டியை அவரும் தோழியரும் இழிவாக நடத்தியதைக் கண்டு, ஒளிபரப்பை மேற்பார்க்கும் அமைப்புக்கு 44,000-க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன. மறு வருஷம், அதே ஷில்பா ஷெட்டி தொகுத்து வழங்கிய ஹிந்தி ‘பிக் பாஸ்’ வீட்டுக்கு அவர் வந்தார். தமக்குப் புற்றுநோய் என்ற செய்தி, கேமராக்கள் சூழ்ந்த அந்த வீட்டுக்குள் இருந்தபோதே அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. 2009 மார்ச் 22-ஆம் தேதி, 27 வயதில், இரு பாலகர்களை விட்டு இறந்தார். அவருடைய கடைசி மாதங்களும் தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டன.

மனிதரின் கண்ணியம் மீறத்தகாதது என்று அரசியல் சாசனத்தின் முதல் வாக்கியத்திலேயே எழுதிவைத்திருக்கும் ஜெர்மனியில், 2000-இல் இந்நிகழ்ச்சி வந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. அதன் பயனாக, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கேமரா பாராத ஓர் அறை அங்கிருந்தவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தால் நிகழ்ச்சி கெட்டுப்போய்விடவில்லை; மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழ் வீட்டுக்குள் போகிறவர்களுக்கும் அப்படி ஒரு மணி நேரமும் ஓர் அறையும் சட்டப்படி உறுதியாகட்டும் என்று ஓட்டுப் போடும் நாமே கேட்க வேண்டும்.