பெட்டியடியில் ஒரு துணைக்கேள்வி
செட்டிநாட்டுச் சுவடுகள் - 19

ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் ஏஜெண்டுக்குக் கப்பல் பயணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. முதலாளி வீட்டில் விரித்த பாயில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஐந்தொகை சரியாகவே இருக்கும். வரவும் பற்றும் தம்பிடி பிசகாது. முதலாளி பார்ப்பார், தலையசைப்பார், பேரேட்டை மூடி ஓரமாக வைப்பார். அதன் பிறகு வெற்றிலையை மடித்தபடி ஒன்று கேட்பார்: "அந்த ஆலைக்காரனுக்கு இவ்வளவு தொகை கொடுத்திருக்கீகளே, யாரைக் கேட்டுக் கொடுத்தீக?"

சென்ற வாரம் ஐந்தொகை எழுதும் முறையைப் பார்த்தோம். அந்த ஐந்தொகையில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. ஆனால் ஏஜெண்டு அடுத்த தவணைக்குக் கப்பலேறுவாரா, ஊரோடு இருந்துவிடுவாரா என்பது இதற்கு அவர் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது. தில்லி நாடாளுமன்றத்தில் இதற்குத் துணைக்கேள்வி என்று பெயர். அப்படி ஒரு கேள்வியால் தமிழ்நாட்டுக்காரரான ஒரு நிதியமைச்சர் பதவி இழந்தார். அவர் பதில் சொல்ல வேண்டியிருந்த பணத்தில் செட்டிநாட்டார் வளர்த்த ஒரு கம்பெனியின் பணமும் கலந்திருந்தது.

1906இல் சுதேசி அலை வீசியபோது சென்னையில் தொடங்கிய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி யுனைடெட் இந்தியா. பின்னாளில் அது எம்.சிடி.எம். குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரை இந்தத் தொடரின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் யுனைடெட் இந்தியாவுக்காக நாட்டிலேயே உயர்ந்த கட்டடம் ஒன்றை எழுப்ப ஆசைப்பட்டார். 1953இல் வேலை தொடங்கியது. 1954 மார்ச் 13 அன்று அவர் சென்ற விமானம் சிங்கப்பூரில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். வயது 45.

கட்டடம் பாதியில் நின்றிருந்த நேரத்தில் கம்பெனியும் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. 1956 ஜனவரி 19 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் ஆயுள் காப்பீடு முழுவதும் அரசு வசமானது. உள்நாடு, வெளிநாடு, சேமநிதிச் சங்கங்கள் என்று மொத்தம் 245 நிறுவனங்கள். செப்டம்பர் 1 அன்று அவையெல்லாம் சேர்ந்து எல்.ஐ.சி. ஆயின. கட்டி முடியாத மவுண்ட் ரோடு கட்டடமும் அதற்குள் அடக்கம்.

இந்த அரசுடைமைக்கு வழி திறந்ததும் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசிய பேச்சுதான். ரேபரேலியிலிருந்து வந்தவர், ஆளும் காங்கிரஸ்காரர், நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. 1955 டிசம்பரில், தால்மியா குழுமம் தன் கையிலிருந்த காப்பீட்டுக் கம்பெனியின் பணத்தை எப்படித் தன் போக்கில் புரட்டியது என்று அடுக்கடுக்காக எடுத்து வைத்தார். பாலிசிதாரர் பணம் தனியார் கையில் இருந்தால் ஆபத்து, அரசிடம் இருந்தால் பத்திரம் என்பது அன்றைய வாதம். அதே மனிதர் இரண்டே வருஷத்தில் அந்த அரசைப் பார்த்தே கைநீட்டுவார் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

1957 ஜூன் மாதம். கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்று ஒரு வணிகர். பங்குகளை வாங்கி, அவற்றை அடகு வைத்து, அந்தப் பணத்தில் மேலும் பங்கு வாங்கி ஒரு சாம்ராஜ்யமே கட்டியவர். கடன் கழுத்தை நெரித்தபோது எல்.ஐ.சி. அவருக்குக் கைகொடுத்தது. ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஆஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகிய ஆறு கம்பெனிகளில் அவர் வைத்திருந்த பங்குகளை ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. எங்கே முதலீடு செய்யலாம் என்று ஆலோசனை சொல்ல எல்.ஐ.சி.க்கு ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அந்தக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. பேரம் முடிந்த பிறகுதான் அதற்குத் தகவல் போனது. சில பங்குகளுக்குச் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்திருந்தார்கள்.

செட்டிநாட்டுப் பெட்டியடியில் இப்படி நடந்திருந்தால் அடுத்தாள்கூட மேலாளிடம் முணுமுணுத்திருப்பார்.

நாடாளுமன்றத்துக்கு வாடை எட்டச் சில மாதங்கள் ஆயின. செப்டம்பரிலேயே ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் இந்த முதலீடுபற்றிக் கேள்வி போட்டார். கிடைத்த பதில் வெகு சிக்கனமானது. கேட்ட வார்த்தைக்கு மட்டும் அளந்து கொடுத்த பதில். நவம்பர் இறுதியில் மீண்டும் கேள்வி வந்தது. துணைக்கேள்விகள் தொடர்ந்தன. ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு நூல் எடுத்துக் கொடுத்தது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்து, தேதி, விலை, பங்கு எண்ணிக்கை எல்லாவற்றையும் சபையின் முன் பரப்பினார். அமைச்சகத்துக்குள்ளேயே புழங்கிய விவரங்கள் அவர் கையில் இருந்தன. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பாலிசிதாரர்களின் சேமிப்பு, ஒரு தனிமனிதரின் கடனை அடைக்கப் போனதா என்பதுதான் அவர் கேட்டது.

எதிரே இருந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் ஊர் வழக்கில் டி.டி.கே. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். தென்சென்னை உறுப்பினர். அந்த வருஷ பட்ஜெட்டில்தான் செல்வ வரியைக் கொண்டுவந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர்கள் நிறைந்த நம் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள். மகா கெட்டிக்காரர், கூடவே நாவில் முள்ளும் உள்ளவர். என் கணக்கில் அந்தக் கெட்டிக்காரத்தனமே அவரை வீழ்த்தியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் தப்பிக்கலாம் என்று கெட்டிக்காரர்கள் மட்டுமே நினைப்பார்கள்.

அரசு 1958 ஜனவரியில் விசாரணை ஆணையம் அமைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனியொருவராக விசாரித்தார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். சினிமாவுக்குப் போவதைப் போலப் பம்பாய்க்காரர்கள் பங்குச் சந்தைக் கணக்கைக் கேட்கப் போனார்கள். நிதித்துறைச் செயலர் எச்.எம். பட்டேல், எல்.ஐ.சி. தலைவர் காமத், நிர்வாக இயக்குநர் வைத்தியநாதன், அமைச்சர் என்று எல்லோரும் சாட்சிக் கூண்டு ஏறினார்கள். கல்கத்தா பங்குச் சந்தை சரியாமல் தாங்கவே வாங்கினோம் என்ற விளக்கம் அங்கே நிற்கவில்லை.

அமைச்சரின் வாதம், இந்தப் பேரத்துக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை, செயலர் தாமாகச் செய்தது என்பது. சாக்ளா இதை ஏற்கவில்லை. செயலர் செய்ததற்கு அரசியல் சட்டப்படி அமைச்சரே பொறுப்பு. கீழே இருப்பவர் தோளில் அதை இறக்கி வைக்க முடியாது என்று எழுதினார். ரங்கூனில் பெட்டியடிப் பையன் செய்த தவறுக்கும் ஊரில் ஏஜெண்டுதான் பதில் சொன்னார். நகரத்தாருக்கு இது புதிய நீதி இல்லை.

அறிக்கையில் இன்னொரு பகுதியும் உண்டு. இதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. தொடக்கத்திலேயே எல்லா விவரத்தையும் நாடாளுமன்றத்தின் முன் வைத்திருக்க வேண்டும், வேறு வழியில் விவரம் சபைக்கு எட்டியதால்தான் பின்னால் இவ்வளவு சங்கடம் என்ற பொருளில் சாக்ளா எழுதியிருக்கிறார். பாலிசிதாரர் பணத்தைப் பாலிசிதாரர் நலனுக்கே முதலீடு செய்ய வேண்டும். அதை மீறிய காரணம் ஏதும் இருந்தால் ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் வகுத்தவற்றில் ஒன்று.

விசாரணை தொடங்கி ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. இன்றைய ஆணையங்கள் கேட்டால் சிரிக்கும். பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பட்ஜெட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது, நிதியமைச்சர் இல்லை. பிப்ரவரி 28 அன்று பிரதமர் நேருவே எழுந்து பட்ஜெட் வாசித்தார். டி.டி.கே. காசு வாங்கினார் என்று ஆணையம் சொல்லவில்லை. அவர் 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மீண்டும் நிதியமைச்சரும் ஆனார். செயலர் பட்டேலோ 1977இல் மொரார்ஜி அமைச்சரவையில் தாமே நிதியமைச்சராகி, அதே கேள்வி நேரத்தில் அதே வகைக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பெரோஸ் காந்திக்கு அதையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1960 செப்டம்பரில், 48 வயது நிறையுமுன் மாரடைப்பில் போய்விட்டார்.

கேள்வி கேட்கும் இந்த உரிமையே பங்கு மோசடியில் பிறந்ததுதான். 1721இல் லண்டனில், சவுத் சீ கம்பெனிப் பங்குகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் ஆண்டியான சமயத்தில், அதன் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிவிட்டார். அவர் பிடிபட்டாராமே, உண்மையா என்று பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு அரசைக் கேட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி அதுவே என்பார்கள். இந்தியாவில் 1892 சட்டம்தான் கவுன்சில் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க இடம் தந்தது. அதுவும் ஒரு கேள்வி, ஒரு பதில், அதோடு சரி. துணைக்கேள்வி கேட்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அப்போதும் மூலக் கேள்வி கேட்டவர் மட்டுமே கேட்கலாம். மற்றவர்களும் கேட்கலாம் என்று ஆனது 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு. வெள்ளைக்காரன் எதைக் கண்டு பயந்தான் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

அந்தத் துணைக்கேள்வியை ஆயுதமாக்கியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், கோட்டைக்குக் கீழே இருக்கும் திருமயத்தில் 1887இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. 1935 முதல் மத்திய சட்டசபையில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர். ஓட்டுப் போட்டுக் கவிழ்க்க முடியாத அரசு அது. தோற்றாலும் வைஸ்ராய் கையெழுத்தில் பிழைத்துக்கொள்ளும். ஆகவே கேள்வி நேரம் ஒன்றே கையிலிருந்த கத்தி. ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்து அவர் தொடுக்கும் துணைக்கேள்விகளுக்கு வெள்ளைக்கார உறுப்பினர்கள் கோப்புகளைப் புரட்டித் தடுமாறினார்கள். அவர் உயிரோடு இருந்து, டி.டி.கே.க்கு எதிர்வரிசையில் அமர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இன்றைய நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட வினா 20. யாருடைய கேள்வி வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். இவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக்கேள்வியும் இவற்றுக்கு மட்டும். நட்சத்திரம் இல்லாத கேள்விகளுக்கு அச்சடித்த பதில் மேசைக்கு வந்துவிடும், அதை மடக்கிக் கேட்க ஆள் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகள் நகர்ந்தாலே அதிகம். செலவுக் கணக்கைப் பிடிக்க வேறு வழிகளும் உண்டு: தணிக்கை அறிக்கையை அலசும் பொதுக் கணக்குக் குழு, மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம். துறையின் கொள்கையே தவறு என்றால், கேட்ட தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் தரலாம். 'உன் கொள்கைக்கு மதிப்பு ஒரு ரூபாய்' என்று நாசூக்காகச் சொல்லும் முறை. நிறைவேறினால் அரசே போகும், அதனால் நிறைவேறுவதில்லை. சென்னைச் சட்டமன்றத்தின் வினா-விடை நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

நம் பகுதி இரண்டு பக்கத்திலும் ஆள் அனுப்பியிருக்கிறது. 1962இல் காரைக்குடி, கம்பன் அடிப்பொடி சா. கணேசனைச் சுதந்திராக் கட்சி உறுப்பினராக எதிர்வரிசைக்கு அனுப்பியது. சிவகங்கைத் தொகுதி ப. சிதம்பரத்தை அனுப்பி, நிதியமைச்சர் என்ற முறையில் பதில் சொல்லும் இருக்கையிலும் உட்கார வைத்தது.

மவுண்ட் ரோடு கட்டடத்துக்கு வருவோம். 18 மாடி என்று திட்டமிட்டது உயரம் குறைந்தாலும், அன்றைக்கு நாட்டிலேயே உயர்ந்த கட்டடமாக எழுந்தது. 1959 ஆகஸ்ட் 23 அன்று திறப்பு விழா. எம்.சிடி.எம். தொடங்கிய கட்டடம், யுனைடெட் இந்தியாவின் பணம், எல்.ஐ.சி. பலகை. திறந்து வைத்தவர் டி.டி.கே. காலி செய்த நாற்காலிக்கு வந்திருந்த நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்.

உங்கள் வீட்டுப் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ யுனைடெட் இந்தியா பாலிசிப் பத்திரம், பிரீமிய ரசீது ஏதாவது கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். யார் பெயரில், எந்த ஊரில், எந்த வருஷம் எடுத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த வாரம், ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறந்த வங்கியின் கதை.

(தொடரும்)