சுவடியும் தனியோலையும்: மின்மடல் காக்கும் இருமுறை

ஒருவர் மற்றொருவர்க்கு விடுக்கும் செய்தியை ஓலை என்றும் முடங்கல் என்றும் வழங்கினர் நம் முன்னோர். ஓலைகள் பல துளையிடப்பெற்று ஒரு கயிற்றில் கோக்கப்படின் அது சுவடி. தனியோலை, சுவடி என்னும் இவ்விரு வகையும் மின்மடலைக் காக்கும் கணிப்பொறிகளிலும் உள்ளன என்பது தமிழாசிரியர் சிலர்க்கு வியப்பளிக்கலாம்.

டெங்கில் முக்கிமைச் சேர்ந்த சைபர்ஜெயா, 1997இல் நகராக்கும் பணி தொடங்குமுன் தோட்ட நிலமாய் இருந்தது. இன்று அங்கே கணிப்பொறிகள் அடுக்கிய தரவு மையங்கள் நிற்கின்றன. அத்தகைய இடங்களில் மடல்கள் எவ்வாறு வைக்கப்பெறுகின்றன என்பதை ஈண்டு நோக்குவோம்.

மூத்தது சுவடி முறை. 1971இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுந்த யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே மடல் நிரல் இருந்தது. அவ்வழிவந்த எம்பாக்ஸ் முறையில், ஒருவர்க்கு வந்த மடல்கள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். ஒரு மடல் முடிந்து அடுத்தது தொடங்குவதை அறிவது எங்ஙனம்? 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லை முதலாகக் கொண்ட வரியே எல்லைக்கல். புறநானூற்றில் பாட்டிறுதியில் வரும் திணையும் துறையும் அடுத்த பாட்டைப் பிரித்துக் காட்டுதல் போன்றது இது.

மடல் எழுதியவரே தம் வரியொன்றை அச்சொல்லால் தொடங்கிவிட்டால்? நிரல் அதனைப் புதுமடல் என மயங்கும். மயங்காதிருக்க, அவ்வரியின் முன் ஓர் அம்புக்குறியை நிரலே சேர்த்துவிடும். ஏடெழுதுவோன் மூலத்தில் கைவைத்தான் என்பதன்றி இதனை வேறென்ன சொல்வது? பாடவேறுபாட்டின் தொல்லை அறிந்தவர்க்கு இது சிறு குற்றமாகத் தோன்றாது. தமிழெழுத்தில் தொடங்கும் வரி மட்டும் தற்செயலாகத் தப்பித்துக்கொள்கிறது!

பெருங்குறை வேறு. தோட்டத்துக் கிராணியின் பெயரேடு ஒன்றே. அவர் எழுதும்போது மற்றவர் அதில் எழுதலாகாது. அதுபோல இக்கோப்பையும் பூட்டிவைத்தே எழுதவேண்டும். பூட்டுத் தவறினாலோ, எழுதும் நடுவே மின்சாரம் நின்றாலோ, முன்பிருந்த மடல்களும் சிதையக்கூடும். இடையிலுள்ள ஒரு மடலை நீக்கவும் அதன் பின்னுள்ளவற்றை எல்லாம் திரும்ப எழுதவேண்டும்.

1990களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் நிரலுக்காக வகுத்த மெயில்டிர், தனியோலை முறை. மடலுக்கு ஒரு கோப்பு என்பது முன்னரே ராண்டு நிறுவனத்தின் எம்எச் நிரலில் கண்டதுதான். பெர்ன்ஸ்டைன் செய்த புதுமை மூன்று அறைகள். எழுதி முடியாத மடல் முதல் அறையில் கிடக்கும். முழுதும் எழுதியபின்னரே இரண்டாம் அறைக்குப் பெயரும். பெறுபவரின் நிரல் கண்டபின் மூன்றாம் அறை புகும். ஒவ்வொரு கோப்புக்கும் நேரமும் பொறியின் பெயரும் சேர்ந்த தனிப்பெயர் உண்டு. ஆதலின் பூட்டு வேண்டா. அரைகுறை மடல் எவர் கண்ணிலும் படாது.

இதற்கும் விலை உண்டு. ஆயிரம் பைட்டு அளவே உள்ள மடலும் வட்டில் பொதுவாக 4096 பைட்டு இடத்தைப் பிடிக்கும். இலட்சம் மடல்களில் ஒரு சொல்லைத் தேட இலட்சம் கோப்புகளைத் திறக்கவேண்டும். 2002இல் ஃபின்லாந்தின் திமோ சிரைனன் வெளியிட்ட டவ்கோட், இவ்விடர் குறைக்கத் தனி அட்டவணை எழுதிவைத்துக்கொள்கிறது.

அன்றாட வழக்கிற்குத் தனியோலையே ஏற்றது. நெடுநாட் காப்பிற்கோ ஓராண்டு மடல்களை ஒரே கோப்பாய் எடுத்துச் செல்லத்தக்க சுவடியே மேல் என்பது என் கருத்து. மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் உரையாடிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பெற்றன. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகளை இழந்த நமக்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். அத்தகைய மடல்களின் படியைத் தம் கணிப்பொறியில் வைத்திருப்போர் இன்றும் இருக்கலாம். அவற்றுள் பழையன யூனிகோடுக்கு முந்திய திஸ்கி முதலிய குறியீடுகளில் அமைந்திருக்கக்கூடும்; திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அழிந்தன என்று எறிந்துவிடலாகாது. மூலக்கோப்பை அப்படியே வைத்து, படியெடுத்து, அப்படியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிப் படித்தல் வேண்டும்.