செவிப்புலன் இழந்த ஆசிரியரும் சந்திரனின் மறுமுகமும்

சந்திரன் தனது ஒரு முகத்தை மட்டுமே பூமிக்குக் காட்டி வருகின்றது. மறுமுகம் எத்தகையது என்பதை 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரை எவரும் அறிந்திருக்கவில்லை. அம்மாதம் 7ஆந் திகதி, சோவியத் விண்கலமான லூனா-3 அப்பகுதியைப் படம்பிடித்தது. படச்சுருள் கலத்தினுள்ளேயே கழுவப்பட்டு, காட்சிகள் வானொலி அலைகள் மூலம் பூமிக்கு அனுப்பப்பட்டன.

மங்கலான அப்படங்களில் கரியதொரு வட்டமும் அதன் நடுவே வெண்புள்ளியும் தெரிந்தன. சோவியத் அறிஞர்கள் அதற்குச் சியோல்கோவ்ஸ்கி எனப் பெயர் சூட்டினர். அதே படங்களில் கண்டதாக அவர்கள் அறிவித்த ‘சோவியத் மலைத்தொடர்’ வெறும் தோற்றமயக்கமே எனப் பின்னர் தெரியவந்தது. கரிய வட்டமோ உண்மையானது. அதன் பெயரை 1961இல் சர்வதேச வானியல் சங்கமும் ஏற்றுக்கொண்டது.

அப்பெயருக்குரியவர் கொன்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி (1857–1935). சிறுவயதில் காய்ச்சலினால் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். நூலகங்களில் தாமாகவே கற்றவர். கலூகா நகரில் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றியவர். ரொக்கட் மூலம் விண்வெளியை அடையலாம் என்பதை 1903இலேயே கணித முறையில் எடுத்துக்காட்டியவர் அவர்.

சுமார் 185 கிலோமீற்றர் அகலமான இப்பள்ளம், பெரியதொரு விண்பொருள் மோதியதால் உண்டானது. பின்னர் நிலத்தடியிலிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு, 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே அதன் தரையை நிரப்பி, கரும்பாறையாக உறைந்தது. நடுவிலுள்ள சிகரம் மட்டும் தீவைப்போல எஞ்சி நிற்கின்றது. மறுமுகத்தின் மேலோடு தடித்தது என்பதால், குழம்பு வெளிவந்த இடங்கள் அங்கு சொற்பமே.

எனவேதான் புவிச்சரிதவியலாளரான ஹரிசன் ஷ்மிட், அப்பலோ-17 இப்பள்ளத்தில் இறங்க வேண்டுமென வாதிட்டார். ஆனால் பூமியின் வானொலி அலைகள் மறுமுகத்தை நேரே எட்டுவதில்லை. இடையில் அஞ்சல் செய்மதிகளை நிறுத்த வேண்டும். செலவையும் ஆபத்தையும் கருதிய நாசா அதற்கு இணங்கவில்லை. 1972 டிசம்பரில் ஷ்மிட் இறங்கியது சந்திரனின் இம்முகத்திலேயே.

அவர் வேண்டிய வழியைப் பின்னாளில் மேற்கொண்டது சீனா. 2018இல் அஞ்சல் செய்மதியொன்றை நிறுத்தி, 2019 ஜனவரி 3ஆந் திகதி சாங்-ஈ-4 கலத்தை மறுமுகத்திலுள்ள வொன் கார்மன் பள்ளத்தில் இறக்கியது. 2024இல் சாங்-ஈ-6 அம்முகத்தின் மண்ணையும் பூமிக்குக் கொண்டுவந்தது.

சியோல்கோவ்ஸ்கி பள்ளத்தில் இன்றுவரை எக்கலமும் இறங்கவில்லை. ஓசையை இழந்தும் விண்வெளிக்கு வழி கண்ட ஆசிரியரின் பெயர், பூமியின் குரல் நேரே எட்டாத இடத்தில் நிலைத்திருக்கின்றது. அங்கு செல்லத் தடையாயிருந்தது அறிவின் குறைவன்று. செலவிடத் துணியாத மனமே என்பதை வரலாறு காட்டுகின்றது.