தகரக் கடிகாரமும் தனியொரு மாலுமியும்

உலகைச் சுற்றிய கடலோடிகளின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் கண்ட துறைமுகங்களையும் கடந்த புயல்களையும் விரித்துரைப்பர். ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் இடையே கழிந்த நாட்களையோ ஒரு வரியில் முடித்துவிடுவர். ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் மாலுமி 1896ஆம் ஆண்டில் ஹுவான் பெர்னாண்டஸ் தீவிலிருந்து புறப்பட்டு 72 நாட்களில் சமோவாவை அடைந்தார் என்பது அத்தகைய வரிகளுள் ஒன்று. அந்த 72 நாட்களும் அவர் என்ன உண்டார்? எப்போது உறங்கினார்? யாரோடு பேசினார்?

இன்றைய கனடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் 1844இல் பிறந்தவர் ஸ்லோக்கம். பெருங்கப்பல்களின் தலைவராக விளங்கிய காலத்தில் அவருடைய இல்லமே கப்பல்தான். மனைவி வர்ஜீனியா அவரோடு கடலிலேயே வாழ்ந்தார். கடல்மேல் பிறந்த மக்களும் உண்டு. 1884இல் போனஸ் அயர்ஸ் நகரில் அந்த அம்மையார் மறைந்தார். 1887இல் பிரேசில் கரையோரம் ஸ்லோக்கத்தின் கப்பலும் அழிந்தது. நீராவிக் கப்பல்கள் கடல் வாணிகத்தைக் கைப்பற்றிவிட்ட காலம் அது. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை தருவார் யாருமில்லை. அந்நிலையில், வயலோரத்தில் மக்கிக் கிடந்த 'ஸ்ப்ரே' என்னும் பழம்படகு ஒன்றை நண்பர் ஒருவர் கொடுத்தார். 13 மாத உழைப்பும் 553 டாலர் 62 காசும் செலவிட்டு, அதனை ஏறக்குறையப் புதிதாகவே கட்டினார். 36 அடி 9 அங்குல நீளமுள்ள அப்படகில், 1895 ஏப்ரல் 24ஆம் நாள், தம் 51ஆம் வயதில், பாஸ்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார்.

நடுக்கடலில் தீர்க்கரேகையை அறியத் துல்லியமான கடற்கடிகாரம் இன்றியமையாதது என்பது மாலுமிகளின் கொள்கை. ஸ்லோக்கத்திடம் அத்தகைய கடிகாரம் ஒன்று இருந்தது. அதனைச் செப்பனிட 15 டாலர் ஆகும் என்றதும் கரையிலேயே விட்டுவிட்டார். முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். பின்னாளில் அதன் நிமிட முள்ளும் போய்விட்டது. ஒருமுறை அது நின்றுவிடவே, கொதிநீரில் இட்டு வேகவைத்து மீண்டும் ஓடச் செய்தார்! மணி தெரிந்தால் போதும், நிமிடம் எதற்கு என்பது அவர் கருத்து. இதனை விளையாட்டு எனக் கொள்ளலாகாது. நிலவின் இருப்பை அளந்து தீர்க்கரேகையைக் கணிக்கும் பழைய முறையில் அவர் வல்லவர். பசிபிக் பயணத்தில் அவ்வாறு கணித்தபோது விடை பொருந்தவில்லை. தம் கணக்கை மீண்டும் மீண்டும் சோதித்த பின்னர், அச்சிட்ட வாய்பாட்டிலேயே பிழை இருப்பதைக் கண்டறிந்தார். திருத்திய கணக்கின்படியே மார்க்கெசாஸ் தீவுகள் 43ஆம் நாள் கண்ணுக்குத் தெரிந்தன.

தொடக்க நாட்களில் அவரை வாட்டியது தனிமையே. கப்பலில் பலரை ஏவிப் பழகிய நா சும்மா இருக்கவில்லை. அறைக்குள் இருந்தபடியே, மேலே சுக்கான் பிடிக்கும் ஆளிடம் கேட்பதுபோல், படகு எத்திசை நோக்கிச் செல்கிறது என்று உரக்கக் கேட்பார். அங்கே எவரும் இல்லை; விடையும் வருவதில்லை. அந்த அமைதி தனிமையை மேலும் கூட்டியதால், அவ்வழக்கத்தைக் கைவிட்டுப் பாடத் தொடங்கினார். பேசாத நாவுக்குப் பேச்சு மறந்துவிடும் என்று அவர் அஞ்சியதும் உண்மை.

அசோர்ஸ் தீவில் கிடைத்த பிளம்ஸ் பழமும் பாற்கட்டியும் உண்டு வயிற்றுவலியால் துடித்துக் கிடந்த இரவில், கொலம்பசின் 'பிண்டா' கப்பலின் மாலுமி தம் சுக்கானைப் பிடித்து நிற்கக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். காய்ச்சலில் தோன்றிய உருவம் என்றே நாம் கொள்வோம். ஆயினும் விடிந்ததும் படகு வழி பிறழாமல் சென்றுகொண்டிருந்தது. எஞ்சிய பழங்கள் கடலுக்குப் போயின.

படகு தானே வழி பிறழாமல் செல்வது மாயம் அன்று. ஸ்ப்ரேயின் தனிச்சிறப்பே அதுதான். அடிமரம் நீண்டது, பாய்களின் இழுவிசையும் சுக்கானின் எதிர்விசையும் ஒன்றையொன்று சரிக்கட்டுமாறு அமைந்தது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், முன்பக்கம் சற்றே திரும்பினாலும் தானாகவே நேர்ப்படும். அதனால் ஸ்லோக்கத்துக்கு ஓய்வு கிடைத்தது. புத்தகம் படித்தார், கிழிந்த ஆடையைத் தைத்தார், சமைத்தார், அமைதியாக உண்டார். இரவில் பாயில் மோதித் தளத்தில் விழும் பறக்கும் மீன்களைக் காலையில் பொறுக்கி எடுப்பார். உருளைக்கிழங்கு, உப்பிட்ட மீன், சூடான பிஸ்கட்டு, காப்பி ஆகியவை அவருடைய அன்றாட உணவு. மாண்டிவிடியோவில் இரும்புப் பீப்பாயை வெட்டி அவருக்கொரு அடுப்புச் செய்து கொடுத்தனர். ஈர விறகும் எரியக்கூடிய அடுப்பு அது. பசிபிக்கில் காலைக் கதிரவன் பின்புறம் எழுந்தான். மாலையில் முன்புறம் மறைந்தான். இரவில் தென்சிலுவை விண்மீன்கள் பக்கவாட்டில் நின்றன. அந்நாட்களில் அவருக்கு வேறு திசைகாட்டி வேண்டியிருக்கவில்லை.

1897இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையை அடுத்த வியாழன் தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கினார். 2,700 மைல், 23 நாட்கள். இத்தனை தொலைவில் அவர் சுக்கானைக் கையால் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை! ஜூலை 17ஆம் நாள் அவர் சேர்ந்த இடம் மலாய் மக்கள் வாழும் கொக்கோஸ் கீலிங் தீவுகள். அலைகளின் ஓசையையே கேட்டு வந்தவருக்குச் சிறுவர்களின் ஆரவாரம் விருந்தாயிற்று. படகு சேற்றில் சிக்கி அசையாதபோது, அடிமரத்தைக் 'கெப்பித்திங்' பிடித்துக்கொண்டது என்று கூவிக் கைகொட்டி மகிழ்ந்தனராம் அக்குழந்தைகள். கெப்பித்திங் என்றால் நண்டு என்பதை மலேசிய வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. படகின் அடியில் சுமையாக இருந்த சிமெண்டை எறிந்துவிட்டு, அத்தீவின் பெருஞ்சிப்பிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

செயிண்ட் ஹெலினாவில் அன்பளிப்பாக வந்த வெள்ளாடு ஒன்று, அவர் வைத்திருந்த மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையும் வைக்கோல் தொப்பியையும் தின்று தீர்த்தது. தனிமைக்குத் துணை தேடினால் இதுவும் நேரும் போலும். அடுத்த தீவிலேயே அதனை இறக்கிவிட்டார்.

1898 ஜூன் 27ஆம் நாள் நியூபோர்ட் துறையில் நங்கூரம் இறங்கியபோது 46,000 மைலுக்கு மேல் கடந்திருந்தார். தனியொருவராக உலகைச் சுற்றிய முதல் மாலுமி அவரே. 1900இல் நூலாக வந்த அவருடைய பயண வரலாறு புகழும் பொருளும் தந்தது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தும் பார்த்தார். நிலத்தில் கால் நிலைக்கவில்லை. 1909 நவம்பரில் அதே ஸ்ப்ரேயில், அதே போல் தனியே புறப்பட்டார். அதன்பின் அவரையோ படகையோ கண்டவர் எவருமில்லை.